அலாட்மெண்ட் ஆர்டர் வரும்வரை: ஒரு அம்மாவின் அனுபவம்

வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2024இல் என் பெரிய மகளுக்கு இன்ஜினியரிங் சீட்டு கையில் வரும்வரை நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்தவர் கிடையாது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், நாக்பூர் லைன். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். நான் பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் மொத்தக்கடையில் பில் போடுகிறேன். வீடு பெரம்பூர். எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் பக்கத்தில் ஆள் இல்லை. எனக்கு அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கிய விஷயங்கள் இவை.

மே 6ஆம் தேதி ரிசல்ட். கணிதம் 86, இயற்பியல் 84, வேதியியல் 88. பிள்ளை நன்றாகத்தான் எடுத்திருக்கிறாள் என்று நான் லட்டு வாங்கப் போய்விட்டேன். அவள் மட்டும் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். கட் ஆஃப் 172தான் வருகிறதாம். அந்தக் கணக்கே எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கணித மார்க்கை அப்படியே எடுத்து, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி சேர்த்து, மொத்தம் 200க்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். மொழிப்பாடத்தில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் கட் ஆஃபில் சேராது. தமிழில் 97 வாங்கியவள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அன்று சாயங்காலமே போன் வர ஆரம்பித்தது. எங்கள் நம்பர் அவர்களுக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. "மேடம், உங்க பொண்ணு மார்க் பார்த்தோம். கவுன்சிலிங்ல இந்த கட் ஆஃபுக்கு ஈசிஇ கிடைக்காது மேடம். இன்னும் நாலு சீட்டுதான் இருக்கு, இப்ப பிளாக் பண்ணிடுங்க" என்று ஒரு பெண் மிகவும் இனிமையாகப் பேசினார். ஈசிஇ என்றால் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங். மறுநாள் வேறு ஒருவர், வேறு கல்லூரி. மூன்றாவதாக அழைத்தது ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அரசு கவுன்சிலிங்குக்கு வெளியே தானே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் தனியார் இடம். நேரில் வந்து பாருங்கள் என்றார்கள். போனோம். ஏசி ஹால், காபி, பிள்ளைக்கு ஒரு பை. வருடத்துக்கு இரண்டரை லட்சம், நான்கு வருடம். முன்பணம் 30,000 கட்டினால் சீட்டு உறுதி, இன்று ஐந்து மணிவரைதான் இந்தச் சலுகை என்றார்கள். வீட்டுக்காரருக்கு போன் போட்டால் வண்டி டவர் இல்லாத இடத்தில். இப்போது விட்டால் பிள்ளை வாழ்க்கை போய்விடும் என்ற பயம்தான் என் மனதில் இருந்தது, வேறு எதுவும் இல்லை. இரண்டு சவரன் சங்கிலியை அடகு வைத்தேன், இரண்டு ரூபாய் வட்டி. விண்ணப்பத்துக்குத் தனியாக 1,200 வாங்கினார்கள். பணம் கட்டிப் பத்து நிமிஷத்தில் வாட்ஸப்பில் கடிதம் வந்துவிட்டது: வாழ்த்துகள், நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். பெரியவள் அதைத் திறந்து பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டாள். "இதுக்கு எதுக்கும்மா நான் படிச்சேன்?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மே மாதம் அவசரப்பட வேண்டிய மாதமே இல்லை என்பது எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது. போனில் கவுன்சிலிங் என்றார்களே, அது கட் ஆஃப் வரிசைப்படி சீட்டு ஒதுக்க அரசு நடத்தும் பொறியியல் கலந்தாய்வு. அதற்கு மே முழுவதும் விண்ணப்பிக்கலாம். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு. அந்த வருடம் ரேங்க் பட்டியல் வந்தது ஜூலை 10ஆம் தேதி. பொதுப்பிரிவுக்கான சுற்றுகள் ஜூலைக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் ஆரம்பம்வரை நடந்தன. ரிசல்ட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் இப்படி மூன்று மாதம் வெறுமையாகக் கிடக்கிறது. பெற்றோர் கையிலிருந்து முன்பணம் போவது அந்த மூன்று மாதத்தில்தான். கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் அரசு ஒதுக்கீட்டுக் கல்விக் கட்டணம் அந்த வருடம் ஆண்டுக்கு 50,000 ரூபாயாகத்தான் இருந்தது, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. பஸ், மற்ற கட்டணங்கள் தனி. இதைவிட முக்கியமானது, முதல் பட்டதாரி சலுகை. குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் அரசு தரும் இந்தச் சலுகை, கலந்தாய்வு மூலம் சேர்ந்தால்தான் உண்டு. கல்லூரி நிர்வாகமே நேரடியாகத் தரும் நிர்வாக ஒதுக்கீட்டிலோ நிகர்நிலையிலோ சேர்ந்தால் கிடையாது. அந்த ஏசி ஹாலில் இதை எங்களுக்குச் சொன்னவர் யாரும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் இன்னும் மேல், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. என் மகள் அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் எங்களுக்கு அது பொருந்தவில்லை. உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியாக இருந்தால், தயவுசெய்து அதைப் பார்க்காமல் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கலந்தாய்வு விண்ணப்பத்தைத் தெருமுனை பிரவுசிங் சென்டரில் போட்டோம். அரசுக் கட்டணம் 500, எஸ்சி எஸ்டி என்றால் 250. சென்டர்காரருக்கு அதற்குமேல் கொடுத்தோம். கூட்டமான நேரம். "அக்கா, மெயில் ஐடி இருக்கா? இல்லன்னா நம்மளதே போட்டுடறேன், மெசேஜ் வந்தா நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அவர் ஐடியில் எத்தனை பிள்ளைகளின் விண்ணப்பம் இருந்ததோ, யாருக்குத் தெரியும்? நீங்கள் போவதற்கு முன்பே பிள்ளையின் பெயரில் ஒரு மெயில் தொடங்கிவிடுங்கள். மொபைல் நம்பர், வீட்டில் எப்போதும் இருக்கும் ஆளுடையதாக இருக்கட்டும். அப்பா வெளியூரில் சுற்றுபவர் என்றால் அவர் நம்பர் வேண்டாம். ஓடிபி அவருக்குப் போய், அவர் வண்டியை ஓரம் கட்டிப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி மார்க் ஷீட்டோடு வையுங்கள்.

சான்றிதழ் விஷயம் தனிக்கதை. சாதிச் சான்று இருந்தது. முதல் பட்டதாரி சான்று இல்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது விஏஓ, வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேஜையாகத்தான் நகரும். ரிசல்ட் வந்த பிறகு மொத்தச் சென்னையும் இதற்காக வரிசையில் நிற்கிறது. ஒரு மேஜையில் நின்றுவிட்டால் நாம்தான் நேரில் போய்க் கேட்க வேண்டும். அதற்காக நான் அரைநாள் அரைநாளாக லீவு போட்டேன். கடையில் சம்பளம் பிடித்தார்கள். பரீட்சை எழுதும் முன்பே, பிப்ரவரி வாக்கில் எடுத்து வைத்துவிட்டால் இந்த அலைச்சல் இருக்காது. பழைய சாதிச் சான்று அட்டை மங்கியிருந்தால் அதையும் அப்போதே புதிதாக டிஜிட்டலில் எடுத்துவிடுங்கள். ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வருகிறது.

ஜூன் மாதம் முழுக்க வீடு வீடாகவே இல்லை. பெரியவள் காலையில் கண் விழித்ததும் போனைத்தான் பார்ப்பாள். சாப்பாடு இறங்காது. சின்னவள் டிவி சத்தம் வைத்தால்கூடச் சண்டை. நானும் கடையில் பில் போடும்போது போன் அதிர்ந்தால் கை நடுங்கும். எங்கள் முதலாளி ஒருநாள், "லெட்டர் வந்துதாம்மா?" என்று கேட்டார். அவர் மகனுக்கு அந்தக் காலத்தில் தபாலில் அழைப்புக் கடிதம் வந்து, அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய், பெரிய திரையில் காலியிடம் பார்த்துச் சீட்டு எடுத்தார்களாம். அதைக் கேட்டு நானும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். 2018லிருந்து எல்லாம் ஆன்லைன்தான். 2019லிருந்து நடத்துவது கிண்டியில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். வீட்டுக்குக் கடிதம் எதுவும் வராது. லாகினில் வரும், எஸ்எம்எஸ் வரும், மெயில் வரும். வந்ததற்கு இரண்டொரு நாளுக்குள் பதிலும் சொல்லியாக வேண்டும்.

விண்ணப்பித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு எண் கொடுக்கும், அதுதான் ரேண்டம் எண். அது வந்த அன்று இன்னொரு அழுகை. அவளுக்குச் சின்ன எண் விழுந்துவிட்டதாம், தோழிக்குப் பெரிய எண்ணாம். அந்த எண்ணைப் பார்த்து எந்த வீட்டிலும் பிள்ளை அழ வேண்டாம். இரண்டு பேருக்கு ஒரே கட் ஆஃப் என்றால் முதலில் கணித மார்க், பிறகு இயற்பியல், அடுத்தடுத்து மற்ற மார்க்குகள், அதன்பின் பிறந்த தேதி என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எல்லாமே சமமாக இருந்தால்தான் கடைசியாக அந்த எண்.

அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது ராணி மேரிக் கல்லூரி. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம். 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆக ஐம்பதே ரூபாய். பள்ளி ஆபீஸில் இருக்கும் கிளார்க் அம்மா வற்புறுத்திப் போடச் சொன்னார். ஜூனிலேயே அழைப்பு வந்து பி.எஸ்சி. இயற்பியல் கிடைத்தது. மெரினாவுக்கு எதிரே அந்தக் கட்டடத்துக்குள் போனபோது பெரியவள் பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். கட்டணம் சில ஆயிரம்தான். இன்ஜினியரிங் கிடைக்கவில்லை என்றால் இங்கேயே படிக்கிறேன் என்று அவள் சொன்னதும் என் நெஞ்சுப் பாரம் பாதி இறங்கிவிட்டது. இன்ஜினியரிங்தான் என்று முடிவோடு இருந்தாலும் இந்த ஐம்பது ரூபாய் விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள். கையில் ஒரு சீட்டு இருக்கும் வீட்டை போனில் யாரும் மிரட்ட முடியாது.

அதே கிளார்க் அம்மா இன்னொன்றும் சொன்னார்: "ஒரிஜினல் டிசியையும் மார்க் ஷீட்டையும் அந்தப் பணம் கட்டுன எடத்துல குடுத்துடாதம்மா. ஜெராக்ஸ் குடு, போதும்." ஜூன் கடைசியில் நிகர்நிலையிலிருந்து ஒரிஜினல் கேட்டு போன் மேல் போன். இல்லாவிட்டால் சீட்டு ரத்தாகும் என்றார்கள். டிசி ராணி மேரியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், உண்மையும் அதுதான். சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், விதியே இருக்கிறது. கொடுத்திருந்தால் பின்னால் 30,000 கேட்கும்போது அதை வைத்தே என்னை அடக்கியிருப்பார்கள். அந்த அம்மாவுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்ததா என்று பார்க்க லாகினில் போனால் ஒன்றும் விளங்கவில்லை. பிரவுசிங் சென்டர்காரர் மெயில் எதுவும் வரவில்லை என்றார். மனசு கேட்கவில்லை. ஒருநாள் இரண்டு பஸ் மாறித் தரமணி மத்திய பாலிடெக்னிக்கில் இருக்கும் கலந்தாய்வுச் சேவை மையத்துக்குப் பெரியவளோடு போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் எண்ணைப் போட்டுப் பார்த்து, "சாதிச் சான்று ஸ்கேன் தெளிவா இல்லம்மா, மறுபடி ஏத்தச் சொல்லி மெசேஜ் போயிருக்கே?" என்றார். எனக்குக் காலடியில் தரை இல்லை. அது சரியாகாமல் போயிருந்தால் பிசி ஒதுக்கீட்டில் வர வேண்டியவள் ஒதுக்கீடு இல்லாத பொதுப் போட்டியில் மட்டும் நின்றிருப்பாள். அங்கேயே ஸ்கேன் செய்து ஏற்றிக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை, கடிந்து பேசவில்லை. மெயில் ஐடியையும் மாற்றச் சொன்னார்கள். விண்ணப்பம் போடுவதற்கே இந்த மையங்களுக்குப் போகலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சென்னையில் இப்படிச் சில மையங்கள் இருக்கின்றன. பட்டியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே உண்டு.

அடுத்து விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் கட்டம். எங்கள் கட் ஆஃபுக்கு இரண்டாம் சுற்று. அதற்கு முந்தைய வாரம் ஒருவர் வீட்டுக்கே வந்தார், ஏதோ கல்லூரியின் ஆள். "லாகின் குடுங்க, நானே இலவசமா சாய்ஸ் ஃபில் பண்ணித் தரேன்" என்றார். கதவடியிலேயே நிறுத்தி அனுப்பினேன். லாகினைக் கொடுத்தால் அவர்கள் கல்லூரியை மேலே போட்டு லாக் செய்துவிட்டால் பிறகு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும். நாங்கள் முந்தைய வருடக் கட் ஆஃப் பட்டியலை எடுத்து, ஒரு நோட்டில் கல்லூரி எண், பாடப்பிரிவு, எங்கள் பிரிவுக்கு எந்த மார்க்கில் முடிந்தது என்று எழுதினோம். பெரம்பூரிலிருந்து எப்படிப் போவது என்பதையும் பக்கத்தில் எழுதினாள். கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியையும் மேலே போட்டாள். அது சரிதான், பட்டியலில் மேலிருந்து கீழாகத்தான் பார்த்துக்கொண்டே வருவார்கள், மேலே கிடைக்காததைப் போட்டதால் கீழே இருப்பதை இழக்க மாட்டோம். பத்துப் பதினைந்தோடு நிறுத்துவதுதான் ஆபத்து. எத்தனை வேண்டுமானாலும் போடலாம், போடுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த நாள் நான் கடையில் இருந்தேன். அவள் போன் செய்து பேசவே இல்லை, மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. கிடைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகுதான், "அம்மா, ஈசிஇ" என்றாள். நகரத்துக்கு மேற்கே ஒரு கல்லூரி, அவள் பட்டியலில் முதல் பத்துக்குள் இருந்தது. பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அங்கேயே அழுதேன், முதலாளி தண்ணீர் கொடுத்தார். வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் சீட்டு கையைவிட்டுப் போகும். ஏற்றுக்கொண்டு சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே இருப்பதற்கும் காத்திருக்கிறேன், இதை விட்டுவிட்டு மேலே இருப்பதற்குக் காத்திருக்கிறேன், அடுத்த சுற்றுக்குப் போகிறேன், விலகுகிறேன் என்று வரும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் சேவை மையத்தில் பணம் கட்ட வேண்டும். மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய சீட்டு தானாகவே போய்விடும், திரும்ப வராது. மேலே போட்டவை உண்மையாகவே இதைவிட வேண்டியவைதானா என்று வீட்டில் பேசிவிட்டுத் தொடுங்கள். நாங்கள் சேர்கிறோம் என்றே கொடுத்தோம். அலாட்மெண்ட் ஆர்டரை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தோம். ராணி மேரியில் கடிதம் எழுதிக் கொடுத்து டிசியைத் திரும்ப வாங்கி, குறித்த தேதிக்குள் போய்ச் சேர்த்துவிட்டோம்.

மிச்சம் இருந்தது அந்த 30,000. போனில் கேட்டால், "ரசீதுலேயே நான்-ரீஃபண்டபிள்னு போட்டிருக்கே மேடம்" என்றார்கள், அதாவது பணம் திரும்ப வராதாம். அவர்கள் ரசீதில் என்ன அச்சடித்தாலும் யுஜிசி சொன்னதுதான் செல்லும். 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுத் தொகையும், அக்டோபர் 31க்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 மட்டும் பிடித்துக்கொண்டு மீதியும் திருப்பித் தர வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. தேதிகள் வருடத்துக்கு வருடம் மாறலாம், அந்தந்த வருடச் சுற்றறிக்கையைப் பாருங்கள். பெரியவள் ஆகஸ்ட் கடைசியிலேயே மெயில் எழுதினாள். அதையே பிரிண்ட் எடுத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். விலகும் தேதி, கட்டிய தேதி, ரசீது எண், வங்கிக் கணக்கு, சுற்றறிக்கையின் நகல், எல்லாம் ஒரே கடிதத்தில். போனில் பேசியதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. தபால் ஒப்புகைதான் நான் எந்தத் தேதியில் விலகினேன் என்பதற்குச் சாட்சி. பதில் வராததால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் பதிவு செய்தோம். அதன்பிறகுதான் அங்கிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். நவம்பரில் பணம் கணக்கில் ஏறியது. விண்ணப்பக் கட்டணம் 1,200 போனதுதான். அடகு வட்டி மாதம் 600, அதோடு பிடித்த சம்பளம், அலைந்த செலவு எல்லாம் சேர்த்தால் ஏழாயிரத்துக்குக் கிட்டப் போயிற்று. சங்கிலியை மீட்ட அன்று என் வீட்டுக்காரர் ஊரில் இருந்தார். அவரிடம் முழுக் கதையையும் அப்போதுதான் உட்கார்ந்து சொன்னேன்.

பெரியவள் இப்போது ஈசிஇ தொடர்ந்து படிக்கிறாள், முதல் பட்டதாரி சலுகை கிடைத்துவிட்டது. சின்னவள் பதினொன்றாம் வகுப்பு. அவளுக்கு அந்தச் சலுகை கிடைக்காது, அக்கா படிப்பதால். அவள் பெயரில் மெயில் ஐடி தொடங்கியாயிற்று, சாதிச் சான்றும் புதிதாக எடுத்து டிஜிலாக்கரில் வைத்தாயிற்று. நீங்கள் முன்பணம் கட்டிவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தால், முதலில் ரசீதையும் அவர்கள் அனுப்பிய கடிதத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கலந்தாய்வு ஆர்டர் கையில் வந்த அன்றே விலகல் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிடுங்கள்.